தீனி பாக்கி ஏறுது. பெட்டைக் குதிரை கை மாறுது!

வளர்க்க விட்டவர் பணம் தராவிட்டால் குதிரையை விற்கலாமா? குட்டி யாருக்குச் சொந்தம்? சட்டம் சொல்வது என்ன?

கன்னிவாடி:-

குதிரை வாங்குகிறவன் ஒரு நாள்தான் பணம் எண்ணுகிறான். அதற்குத் தீனி போடுகிறவன் தினமும் எண்ணுகிறான்!

பழனி மலைப் பகுதியில் குதிரையை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது பாடமான கணக்கு. இதில் பெட்டைக் குதிரை வைத்திருப்பவர்கள் பாடுதான் அதிகத் திண்டாட்டம். ஆண் குதிரை சுமை தூக்கும், சவாரி போகும், அன்றைய கூலியை அன்றைக்கே கொண்டுவரும். சினையான பெட்டையோ மாதக்கணக்கில் நின்று தின்னும். வருமானம் வயிற்றுக்குள் இருக்கும். செலவு மட்டும் வெளியே ஓடும்.

அந்தக் குதிரையை இன்னொருவர் லாயத்தில் விட்டு வளர்த்தால்? மாதா மாதம் தரவேண்டிய பணம் நின்றுபோனால்? பாக்கிக்காகக் குதிரையையே விற்கப் புறப்பட்டால்? வம்பு அங்கேதான் ஆரம்பம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

மலைக்கு லாரி, குதிரைக்கு ஓய்வு

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. பாளையக்காரர் காலத்துப் பெயர் பெற்ற ஊர். இங்கிருந்து தருமத்துப்பட்டி வழியாகப் பன்றிமலை, ஆடலூர் மலைக் கிராமங்களுக்குப் பாதை ஏறுகிறது. மேலே காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலை வாழை.

லாரி ஏறமுடியாத தோட்டங்களில் இருந்து வாழைத்தாரும் காப்பி மூட்டையும் மட்டக்குதிரை முதுகில்தான் இறங்கின. திண்டுக்கல்லுக்கு மறுபக்கம் உள்ள சிறுமலையிலும் இதே கதை. கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகெவி கிராமத்துக்கு நெடுங்காலம் அரிசி, பருப்பு முதல் சிமெண்டு வரை குதிரைதான் சுமந்தது. பழனி அடிவாரத்தில் பக்தர்களை ஏற்றிச் சென்றவை குதிரை வண்டிகள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சவாரிக் குதிரைகள்.

சாலை வந்த இடத்தில் எல்லாம் குதிரைக்கு வேலை குறைந்தது. இது இந்த மலைக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 2012-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 6¼ லட்சம் குதிரைகள், மட்டக்குதிரைகள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் அது 3 லட்சத்து 40 ஆயிரமாக இறங்கிவிட்டது. ஏழே வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி காலி!

வேலை குறைந்தால் குட்டிக்கும் கிராக்கி குறையும். குட்டிக்குக் கிராக்கி இல்லை என்றால் குட்டி போடும் பெட்டையை யார் வைத்துக் காப்பாற்றுவார்கள்?

11 மாதம்; 2,300 கிலோ!

பெட்டைக் குதிரைக்கு சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம், அதாவது சுமார் 340 நாள். பசுவுக்கு ஒன்பதே கால் மாதம். ஆக, பசுவைவிடச் சுமார் இரண்டு மாதம் கூடுதல் காவல். குட்டி விழுந்தபின் தாயிடம் இருந்து பிரிக்க இன்னும் ஐந்து, ஆறு மாதம்.

செலவைப் பாருங்கள். குதிரை தன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரை பங்கு வரை உலர்ந்த தீனி தின்னும். 300 கிலோ எடையுள்ள பெட்டைக்குக் கொள்ளு, தவிடு, வைக்கோல், தட்டை, புல் எல்லாம் சேர்த்து நாள் ஒன்றுக்கு ஆறில் இருந்து ஏழரை கிலோ. ஏழு கிலோ என்று வைத்தால் 11 மாதத்துக்கு 2,300 கிலோவுக்கு மேல் ஆகிறது. பால் கொடுக்கிற காலத்தில் நாள் ஒன்றுக்கு எட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் உடம்பு உருகிவிடும். அந்த ஆறு மாதத்துக்கு இன்னும் 1,400 கிலோ. இரண்டும் சேர்த்தால் மூன்றரை டன்னைத் தாண்டுகிறது!

தண்ணீர் நாளைக்கு 20, 30 லிட்டர். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு செதுக்கவேண்டும். குடற்புழு மருந்து, டெட்டனஸ் ஊசி, டாக்டர் பீஸ், லாயம் கூட்டுகிற ஆளுக்குச் சம்பளம் எல்லாம் தனி.

சரி, கையில் காசு இல்லை. தீனியைக் குறைப்போம் என்றால் அதுவும் ஆபத்து. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. தீனியைத் திடீரென்று மாற்றினாலும், கெட்டுப்போன தீனியைப் போட்டாலும் வயிற்றுவலி கண்டு புரளும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று பழமொழி சொல்லிக் குதிரையைக் கேலி செய்கிறோம். கொள்ளு கிடைக்காத குதிரை எதற்கும் வாயைத் திறக்காது!

‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’

ஓர் உதாரணம். மலையில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், சினையான தன் பெட்டையை அடிவாரத்தில் உள்ள லாயக்காரரிடம் விடுகிறார். மாதம் இவ்வளவு என்று வாய்ப்பேச்சு. கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை.

முதல் இரண்டு மாதம் பணம் ஒழுங்காக வரும். மூன்றாவது மாதம் பேச்சு இப்படிப் போகும்:

‘என்னண்ணே, போன மாசக் கணக்கு நிக்குதே?’

‘காப்பி இன்னும் எடுக்கலப்பா. அடுத்த மாசம் சேத்துப் பாத்துக்கலாம். நம்ம குதிரைதானே, எங்கே போயிடப் போவுது?’

குதிரை எங்கும் போகாது. அதுதான் லாயக்காரருக்குத் தொல்லை! ஐந்தாவது மாதம் தோட்டக்காரர் அந்தப் பக்கமே வரமாட்டார். கொள்ளுக் கடைக்காரர் லாயக்காரரின் வாசலில் வந்து நிற்பார். ஏழாவது மாதம் பெட்டை குட்டி போடும். இப்போது தின்கிற வாய் ஒன்றரை.

சொந்தக்காரர்களுக்குள் என்றால் இன்னும் சங்கடம். ‘மச்சான், கொஞ்ச நாள் பாத்துக்கோ’ என்று விட்டுப்போன குதிரைக்கு எந்த மச்சான் பில் எழுதுவான்?

குட்டி யாருக்கு?

இந்த வழக்குகளுக்கு எல்லாம் அடிப்படை 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். குதிரையில் ஏறி ஊர் சுற்றிய காலத்துச் சட்டம் ஆகையால் அதன் உதாரணங்களில் குதிரைகள் ஏராளம்!

லாயக்காரர்கள் பலர் நினைப்பது: ‘நான் தீனி போட்டேன், என் லாயத்துல பொறந்துச்சு, குட்டி எனக்கு.’ இது தவறு. தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒப்படைத்த பொருளில் விளைகிற பெருக்கமும் உரிமையாளருக்கே என்கிறது 163-வது பிரிவு. காவலுக்கு விட்ட பசு கன்று ஈன்றால், கன்றையும் சேர்த்துத் திருப்பித் தரவேண்டும் என்பது அதில் உள்ள உதாரணம். பசுவுக்கு உள்ளது குதிரைக்கும் உண்டு. ‘தீனிக்குப் பதில் முதல் குட்டி லாயக்காரருக்கு’ என்று பேசிக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதை எழுதி வைத்திருக்கவேண்டும்.

மச்சானுக்கும் வழி உண்டு. கூலி இல்லாமல் காவலுக்கு ஏற்றுக்கொண்டாலும், அதற்கு ஆன அவசியச் செலவை உரிமையாளர் திருப்பித் தரவேண்டும் என்கிறது 158-வது பிரிவு. கூலி கேட்கமுடியாதே தவிர, கொள்ளுக் காசு கேட்கலாம்!

பிடித்து வைக்கலாமா?

பணம் வரும்வரை குதிரையைக் கொடுக்க மறுக்கலாமா? 170-வது பிரிவின்படி, ஒப்படைத்த பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அதற்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் நிறுத்தி வைக்கலாம். தைக்கக் கொடுத்த துணியைத் தையல்காரர் கூலி வாங்காமல் தரவேண்டியதில்லை அல்லவா? அதுபோல.

ஆனால் வெறுமனே தீனி போட்டுக் காப்பது இந்த ‘வேலை’யில் சேருமா? இங்கிலாந்து கோர்ட்டுகளில் இந்தக் கேள்வி சுமார் 200 வருடத்துக்கு முன்பே எழுந்தது. குதிரையைப் பழக்கி அதன் மதிப்பை உயர்த்திய பயிற்சியாளருக்கு நிறுத்தி வைக்கும் உரிமை உண்டு என்று 1828-ல் முடிவானது. தீனி போட்டுக் காத்த லாயக்காரருக்கு அந்த உரிமை இல்லை என்று 1833-ல் தீர்ப்பு. 1838-ல் வந்த ஸ்கார்ஃப் – மார்கன் வழக்கு பெட்டைக் குதிரை பற்றியது. பொலிகுதிரையோடு சேர்க்கக் கொண்டுவந்த பெட்டையை, அந்தக் கட்டணத்துக்காக நிறுத்தி வைக்கலாம் என்றார்கள் நீதிபதிகள். பழைய பாக்கிக்காக நிறுத்தி வைக்கமுடியாது!

ஆகவே, ‘பாக்கி தீரும்வரை குதிரையை நிறுத்தி வைக்க எனக்கு உரிமை உண்டு’ என்று முதல் நாளே எழுதி வாங்கிய லாயக்காரர் பிழைத்தார். எழுதாதவர் வாதாடிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அதிலும், குதிரையை ஒருமுறை ஒப்படைத்துவிட்டால் பிடிமானம் போச்சு.

விற்றால் வம்பு!

நிறுத்தி வைக்க உரிமை இருந்தாலும், விற்க உரிமை வந்துவிடாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அடகு பிடித்தவர் தக்க நோட்டீஸ் கொடுத்து விற்க 176-வது பிரிவு வழி விடுகிறது. காவலுக்கு வாங்கியவருக்கு அந்த வழி இல்லை. தன் இஷ்டத்துக்கு விற்றால், பாக்கி கேட்டு நின்றவர் நம்பிக்கை மோசடிப் புகாருக்குப் பதில் சொல்கிற நிலை வரும். வாங்கினவர் கதியும் பரிதாபம். விற்கிற உரிமை இல்லாதவரிடம் வாங்கினால், பொதுவாகப் பொருள் சொந்தமாகாது.

அப்படியானால் வருடக்கணக்கில் வழக்கு நடக்க, குதிரை தின்றுகொண்டே இருக்கவேண்டுமா? வேண்டாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39-வது ஆணை, 6-வது விதி கைகொடுக்கும். வழக்கில் சிக்கிய பொருள் சீக்கிரம் கெட்டுப்போவதாக இருந்தாலும், உடனே விற்பதற்கு வேறு நியாயமான காரணம் இருந்தாலும், தீர்ப்புக்கு முன்பே விற்க கோர்ட்டு உத்தரவிடலாம். தினமும் ஏழு கிலோ தின்கிற பொருளைவிட வேறு என்ன நியாயமான காரணம் வேண்டும்?

பாக்கி கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. கெடுவுக்குள் ‘இவ்வளவு தரவேண்டும்’ என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாகக் கணக்கு ஆரம்பம். கோர்ட்டுச் செலவுக்குப் பயந்தவர்கள் திண்டுக்கல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக்கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் இரு தரப்பாரும் மறக்கக்கூடாது. பணத்தகராறைச் சாக்கிட்டுக் குதிரையைப் பட்டினி போடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சொந்தக்காரர் காரணம் இல்லாமல் கைவிட்டு ஓடுவதும் குற்றமே. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! ஒரு நாள் தீனிக்குக் காணாத அபராதம். ஆனாலும் குற்றம் குற்றம்தான்.

அந்தியூர் சந்தையில்...

இருவரும் கூடிப் பேசி, ‘பெட்டையை வித்து பாக்கியைத் தீத்துக்குவோம்’ என்று முடிவு செய்தால், தமிழ்நாட்டில் நல்ல விலை கேட்கிற இடம் ஈரோடு மாவட்டம் அந்தியூர். புதுப்பாளையம் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்கு வெளி மாநிலத்தாரும் வருகிறார்கள். காத்தியவாரி, மார்வாரி ஜாதிகளுக்கு லட்சக்கணக்கில் விலை. மலையில் சுமை தூக்கிய நாட்டுப் பெட்டை அவற்றோடு போட்டி போடமுடியாது. அதற்கு ஏற்ற ஆள், மலையிலேயே வேலைக்கு வேண்டும் என்கிற இன்னொரு குதிரைக்காரர்தான்.

வாங்க வருகிறவர் முதலில் பல்லைப் பிடிப்பார். பால்பல் விழுந்து முன்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் ஜோடி ஜோடியாக மாறும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பிறகு சுழி பார்ப்பார். கெட்ட சுழி என்று ஒருவர் வாய்விட்டால் போதும், நல்ல குதிரைக்கும் விலை இறங்கும். விவரம் தெரிந்தவர்களோ சுழியை விட்டுவிட்டு காலையும், குளம்பையும், மடியையும் பார்ப்பார்கள். முன்பு போட்ட குட்டியைக் காட்டினால் விலை ஒரு படி ஏறும். சினை என்று சொல்லி விற்பதானால் கால்நடை டாக்டரின் சர்டிபிகேட் கையில் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

இங்கும் ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. குதிரைக்கு நோய் இருப்பது தெரிந்தும், ஏலத்தில் விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால் அது மோசடி ஆகாது என்கிறது 17-வது பிரிவின் உதாரணம். ஆனால் வாங்குகிறவர், ‘நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று கேட்டபிறகும் மௌனம் சாதித்தால், மௌனமே வாக்குமூலம்! ஆகவே சந்தையில் கூச்சப்படாமல், நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிடவேண்டும்.

அவசரத்துக்கு விற்கிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஆயிரம் ரூபாய்க் குதிரையைப் பத்து ரூபாய்க்கு மனமொப்பி விற்றாலும் விற்பனை செல்லும் என்பது அதே சட்டத்தின் 25-வது பிரிவில் உள்ள உதாரணம். ‘பாக்கிக்காரன் நெருக்கினான், அடிமாட்டு விலைக்குக் கொடுத்துட்டேன்’ என்று பிறகு புலம்பிப் பயன் இல்லை.

லாரியில் ஏற்றுவதற்கும் விதி உண்டு. 1978-ம் ஆண்டு விதிகளின்படி டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். சினைக் குதிரையையும் குட்டியையும் மற்ற மிருகங்களோடு கலந்து ஏற்றக்கூடாது.

பெரிய இடத்துப் பாக்கி

இது ஏழைக் குதிரைக்காரர் கவலை மட்டும்தானா? இல்லை. பந்தயக் குதிரை உலகத்தில் லாயச் செலவு இன்னும் பெரிய பூதம். பந்தய ஜாதிக் குதிரைக்கு செயற்கைக் கருவூட்டல் கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. பெட்டையை நேரில் பொலிகுதிரை இருக்கும் பண்ணைக்கே கொண்டுபோகவேண்டும். போனால் சேர்க்கைக் கட்டணம் தனி, லாய வாடகை தனி!

பந்தயம் நடந்தால்தான் அந்தக் குட்டிக்கு மதிப்பு. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. நீண்ட வழக்குக்குப்பின், பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. பந்தயம் நின்றது, கொடைக்கானலில் சவாரியும் நின்றது. குதிரையின் பசி மட்டும் நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் பந்தயப் பணத்தின் மீதான ஜி.எஸ்.டி. வரி 28-ல் இருந்து 40 சதவீதமாக உயர்ந்தது.

பந்தயம் நடந்த நிலத்துக்கே வாடகைப் பாக்கி! கிண்டி நிலத்துக்கு 730 கோடியே 86 லட்ச ரூபாய் கட்டும்படி சென்னை ரேஸ் கிளப்புக்கு 2023 மார்ச்சில் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 2024 ஜூனில் ஊட்டி பந்தய மைதானத்தையும், செப்டம்பர் 9-ந்தேதி கிண்டி மைதானத்தையும் அரசு தன்வசம் எடுத்தது. பாக்கிக்காக சர்க்கார் சீல் வைக்கிறது. கன்னிவாடி லாயக்காரர் சீல் வைக்க முடியுமா?

பாண்டியன் கொடுத்த விலை

குதிரையால் கஜானா காலியாவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 13-ம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்கள் அரபு நாட்டுக் குதிரைகளை ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். கடலில் செத்த குதிரைக்கும் சேர்த்தே விலை கொடுத்தார்கள் என்று பாரசீக வரலாற்று ஆசிரியர் வசாப் எழுதி இருக்கிறார். இங்கே நல்ல பெட்டைக்கும் நல்ல பொலிகுதிரைக்கும் பிறந்த குட்டிகூடக் கால் கோணலாகப் பிறந்தது என்று குறித்து வைத்தார் யாத்திரிகர் மார்க்கோ போலோ. பேணத் தெரியாததால்தான் குதிரைகள் மடிந்தன என்பது அவர் காலத்துப் பேச்சு. வாங்கக் காசு இருந்தது. வளர்க்க வகை தெரியவில்லை!

ஒரு வெள்ளைத்தாள் போதும்

அனுபவப்பட்டவர்கள் கடைப்பிடிக்கிற வழி ரொம்பச் சுலபமானது. பெட்டையை லாயத்தில் விடுகிற அன்றே ஒரு தாளில் எழுதிக்கொள்வது. குதிரையின் நிறம், அடையாளம், வயது. சினையா இல்லையா. மாதக் கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள். டாக்டர் செலவு யாருக்கு. குட்டி யாருக்கு. இத்தனை மாதம் பாக்கி நின்றால், இத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்து, சாட்சி வைத்து விற்று, பாக்கி போக மீதியை உரிமையாளருக்குத் தருவது. இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. ஒரு போட்டோவும் ஒட்டிவிட்டால் பின்னால் ‘இது என் குதிரை இல்லை’ என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

ஏற்கெனவே பாக்கியில் மாட்டிக்கொண்டவர்கள் மூன்றாவது மாதத்தைத் தாண்டவிடக்கூடாது. பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், கொள்ளுக் கடை ரசீது, டாக்டர் சீட்டு எல்லாம் பத்திரம். உரிமையாளருக்கும் அதேதான். பணம் முடை என்றால் ஒளிந்துகொள்ளாமல், குட்டி விழுவதற்கு முன்பே லாயக்காரரோடு உட்கார்ந்து விலை பேசுவது லாபம். சினைப் பெட்டை வாங்க ஆள் இருப்பார்கள். ஒரு வருடப் பாக்கியோடு மெலிந்து நிற்கும் பெட்டையை வாங்க ஆள் வராது.

ஆடி பிறந்தால் அந்தியூருக்கு லாரி கிளம்பும். அதற்குள் கணக்கைப் பேசி முடித்தவர்கள் குதிரையைச் சந்தைக்கு ஏற்றுவார்கள். மற்றவர்கள் கோர்ட்டுப் படி ஏறுவார்கள்!